ஒரு லட்சம் வீரர்கள், ஏறத்தாழ

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குதிரை முதுகில். பக்கத்துக் குதிரையில் நான் கட்டிவைத்த கம்பளிப் பொம்மை சரிந்து என் தோளில் விழுந்தபோது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பல நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தாமிர் ஆற்றங்கரையில் ஒரு லட்சம் வீரர்கள்...' (அடித்துவிட்டேன். அந்த லட்சத்தில்தானே தகராறே.)

2

நன்சல்மா சரித்திர ஆய்வாளர். லுவ்சன்தாஷ் எங்கள் வட்டாரத் தலைவர். ஒரே வகுப்பில் படித்தவர்கள். 'இங்கே லட்சம் வீரர்கள் பாளையமிறங்கினர்' என்று ஆற்றங்கரையில் கல் நட அவருக்கு ஆசை. அவள் ஒப்புக்கொண்டால்தான் செதுக்க முடியும்.

"அந்தக் காலத்துல ஆளுக்கு அஞ்சு குதிரைடா. மொத்தம் அஞ்சு லட்சம். புல்லெல்லாம் தீந்துட்டா உன் தலையிலதான் மேயணும்."

"அங்கயும் ஒண்ணுமில்ல. ஆனா ஒரு ஆளைக்கூடக் குறைக்க மாட்டேன். பக்கத்து வட்டாரத்துக் கல்லுல எண்பதாயிரம்னு போட்டிருக்கான்!"

(அவரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. என் மகள் கல்யாணத்தில் அவ்வளவு அழகாகப் பாடிய மனுஷன்.)

3

அடுத்த வாரம் அவள் அவரைக் குன்றின்மேல் கூட்டிப் போனாள். கீழே நாங்கள் அறுபது பேர். ஆளுக்கு ஐந்து குதிரை. ஆளில்லாத குதிரைகளில் பொம்மை, வால்களில் புழுதி கிளப்பப் புதர்க்கட்டு. அவள் துணியை வீசிச் சைகை காட்டினாள். பாய்ந்தோம்.

"ஐயோ! யாருடி இவங்க? அஞ்சாயிரம் பேர் இருப்பாங்க போலிருக்கே!"

"அறுபது. நம்ம முன்னோர் எதிரியை ஏமாத்தின தந்திரந்தான். முன்னால வர்றது உன் பொண்டாட்டி."

4

முடிவு ஒன்று: அவர் கோபித்துக்கொண்டு குன்றிலிருந்து இறங்கி... (இல்லை. பொய்.)

நடந்தது இதுதான், நாங்கள் குன்றேறி வந்தபோது: அவர் புல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அறுபது பேரு அஞ்சாயிரமாத் தெரியறாங்கன்னா நம்ம ஆளுங்க என்ன கில்லாடிங்கடி! லட்சம் பேரோட போனா எவன் வேணா ஜெயிப்பான். சரி, கல்லுல எத்தனைன்னு போட?"

"தெரியலடா. பத்தாயிரமா இருக்கலாம். இருபதாயிரமாவும் இருக்கலாம்." இத்தனை சந்தோஷமாக யாரும் 'தெரியல' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

5

கல்லை நட்டாயிற்று. 'இங்கே ______ வீரர்கள் பாளையமிறங்கினர்.' போகிற வருகிறவர்கள் சுண்ணக்கட்டியால் எண்ணை எழுதுகிறார்கள், மழை அழிக்கிறது, மறுபடி சண்டை, மறுபடி சிரிப்பு. லுவ்சன்தாஷ் யாரும் பார்க்காதபோது ஒரு பூஜ்யம் சேர்த்துவிடுவதாகக் கேள்வி.

நேற்று மழை பெய்தது. இப்போது இடம் காலி. நீங்கள் என்ன எழுதுவீர்கள்?