ஒன்று புள்ளி ஆறு

கால் மைல் பந்தயத்தில் முக்கால்வாசி தூரம் பறந்த அந்த ஜப்பான் கார், நீலப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் நாலு பேர் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கில் அவள் கணவன்.

ட்யூனிங் அவள் தொழில். டர்போ திணிக்கிற காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பில் அமைத்துக் கொடுப்பாள். இந்தக் காருக்கு அவள் வைத்த காற்றழுத்த எல்லை ஒன்று புள்ளி இரண்டு 'பார்'.

"அதுக்கு மேல காத்து போனா பெட்ரோல் பத்தாது, பிஸ்டன் உருகிடும். அழுத்தத்தைக் கூட்டற அந்தத் திருகைத் தொடாதீங்க," என்று காலையில்கூடக் கெஞ்சியிருந்தாள்.

"உன் தலைமேல சத்தியம், போதுமா?" என்று அவள் உச்சியில் கை வைத்துச் சிரித்தான் அவன்.

இப்போது இறங்கியவன் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான்.

"குழம்புக்கு உப்பு போடற மாதிரி கண்ணளவுல பெட்ரோல் வெச்சிருக்கா. வேற என்ன ஆகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் நண்பன் சோடாபுட்டி மட்டும் சிரிக்கவில்லை. நாளைக்குத் தன் காரை அவளிடம் விடுவதாக இருந்தவன்.

"என் வண்டி... கொஞ்ச நாள் போகட்டும் அண்ணி," என்று இழுத்தான். முன்பதிவு செய்திருந்த மற்ற இருவரும் மெல்ல நழுவினார்கள்.

அவள் லேப்டாப்பைக் காரில் இணைத்தாள். ஓட்டத்தின் ஒவ்வொரு நொடி அழுத்தமும் அதில் பதிவாகியிருக்கும். அது கணவனுக்கும் தெரியும். இவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியம்தான்.

"மூடு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வீட்டுல பேசிக்கலாம். புருஷன்டி நான்."

"வீட்டுல பேசினா என் வேலை திரும்பி வருமா?"

திரையைச் சோடாபுட்டி பக்கம் திருப்பினாள். "படிங்க தம்பி. சத்தமா."

"ஒண்ணு புள்ளி... ஆறு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நண்பனைப் பார்த்தான். "திருகினியாடா?"

கணவன் இழுவைக் கயிறு எடுக்கத் தங்கள் வேனை நோக்கி நடந்தான்.

இழுவைக் கயிறு கட்டும்போது சோடாபுட்டி தணிந்த குரலில் கேட்டான். "நாளைக்கே வரட்டுமா அண்ணி?"

"ஒன்பது மணிக்கு."

வேனை அவள் ஓட்டினாள். பின்னால் செத்த காரில் அவன். கயிறு தொய்யாமலிருக்க, அவள் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் அவனும் பிரேக் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் இடிக்க வருவதுபோல் நெருங்கினான். அவள் கிளம்பும்போது கயிறு வெடுக்கென்று இழுத்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு இனிக்கவில்லை.

வாசலில் அவன் கயிற்றில் தன் பக்கத்துக் கொக்கியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான்.