ஆளுக்கு இருபது அடி

1930 ஆகஸ்டில் வீராசாமி குடும்பம் ஊருக்குக் கப்பலேற நான்கு பேராக லாரி ஏறித் தம்பின் ஸ்டேஷனுக்குப் போன மறுநாள் காலை, மலாயாவில் கோலா சுங்கை பாருவுக்குத் தெற்கே இருந்த அலையடித் தோட்டத்தின் கடற்கரை எண்பது அடி குறைந்திருந்தது. அலை அரிக்கவில்லை, புயலும் அடிக்கவில்லை. இரண்டு தென்னைகளும் ஓர் உடைந்த சம்பான் படகும் இருந்த இடத்தில், பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பது போலக் கடல் கிடந்தது. தென்னை மட்டை ஒன்றுகூட மிதக்கவில்லை. அந்த வாரம் ரப்பர் பவுண்டுக்குப் பதினாறு காசு. வாரத்தில் மூன்று நாள்தான் மரம் சீவ விட்டார்கள். வீராசாமி போய்விட்டார் என்றுதான் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள், கரை போய்விட்டது என்று யாரும் பேசவில்லை.

முதலில் அளந்தவர் படகுத்துறையில் கடை வைத்திருந்த அபூபக்கர். தண்ணீர் தம் கடைக்கு என்றைக்கு வரும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்ட ஒவ்வொரு மறுநாளும், துணி அளக்கும் கஜக்கோலை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். மூன்று பேர் போனால் அறுபது அடி, ஏழு பேர் போனால் நூற்று நாற்பது. ஆளுக்கு இருபது அடி, கைக்குழந்தைக்கும் இருபதுதான். தோட்டத்துப் பேரேட்டில் குழந்தைக்குப் பெயர் கிடையாது, பத்து வயதுப் பையன் அரை ஆள், பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. எல்லோரையும் ஒரே அளவாக எண்ணியது அந்த மண் மட்டும்தான். லயத்தில் பிள்ளை பிறந்தால் கரை இருபது அடி நீண்டது. யாராவது செத்தால் ஒன்றும் குறையவில்லை, செத்தவர்கள் எங்கும் போகவில்லையே என்றார் அபூபக்கர். அந்த வருஷத்தில் அவர் கடையை மூன்று முறை பிரித்து உள்ளே தள்ளிக் கட்டினார். தோட்டத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த மலாய்க் கிராமங்களான கம்போங்குகளின் கரை அப்படியே நின்றது, அங்கிருந்து யாரையும் கப்பல் ஏற்றவில்லை. நடுவில் எங்கள் தோட்டம் மட்டும் பல் விழுந்த இடம் போல உள்ளே போனது. துரை ஒருநாள் குதிரையில் வந்து பார்த்துவிட்டு, சேற்று நிலம்தானே, மரம் இருக்கிற இடத்துக்கு வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த லாரிக்கான பட்டியலில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு பிள்ளைகள் நாங்கள் கரையில் ஓடுவதை விட்டுவிட்டோம். காலுக்குக் கீழே இருப்பது யாருடைய இருபது அடி என்று தெரியாமல் ஓடப் பயமாக இருந்தது.

மரம் வைத்த நிலத்தில் பிணம் புதைக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அதனால் இடுகாடு கடலோரச் சேற்றில்தான் இருந்தது. மேட்டு லயத்துக் கருப்பாயியின் மகள் பெத்தம்மாளை, நாலு வயதில் காய்ச்சலில் போனவளை, 1929-இல் அங்கேதான் வைத்தார்கள். தலைமாட்டில் கருப்பாயியின் புருஷன் இருளாண்டி ஒரு செம்பாறைக் கல்லைச் சுமந்துகொண்டுபோய் நட்டான். அப்போது கல்லிலிருந்து கடலுக்கு ஆயிரத்து முந்நூறு அடி. 1931 மார்ச்சுக்குள் தோட்டத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபத்திரண்டு பேர் போய்விட்டார்கள். கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அறுபது அடி மிச்சம் இருந்தது. கருப்பாயி வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"இன்னும் மூணு பேரு போனா என் புள்ள தண்ணிக்குள்ள போயிடும்க்கா. கொஞ்ச நாளு பொறுங்க" என்று அடுத்த வீட்டு முத்தாயியிடம் கேட்டாள்.

"பொறுக்குறதுக்கு வயித்துல என்னாடி இருக்கு?" என்றாள் முத்தாயி. "உன் புள்ளைக்கு இனிமே பசிக்காது. என் புள்ளைங்களுக்குப் பசிக்குதே."

ஏப்ரலில் சர்க்கார் ஜனக்கணக்கு வந்தது. எழுத வந்தவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்திதான். கதவு கதவாகத் தாரில் நம்பர் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது கருப்பாயி மூன்று என்றாள். "பெத்தம்மா, வயசு ஆறு." அந்தப் பிள்ளையின் சாவைப் பதிந்ததே கணேசமூர்த்திதான். இருநூறு தலைக்குக் கீழே போன தோட்டத்துக்குக் கிராணி எதற்கு என்று துரை போன வாரம்தான் கேட்டிருந்தார். கணேசமூர்த்திக்கு ஐந்து பெண் பிள்ளைகள். அவர் எழுதினார். அடுத்த வீட்டில் அவரே கேட்டார், "வேற யாரு? நல்லா யோசிச்சுச் சொல்லு." முத்தாயி யோசித்து, வீராசாமி குடும்பம் நான்கு பேரையும் சொன்னாள். இப்படியே போன அறுபத்திரண்டு பேரும், சாவிலிருந்து ஒரு பிள்ளையும் லயத்துக்குத் திரும்பி வந்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று என்று போட்டுக் கிராணி மை ஒற்றினார்.

மறுநாள் விடிந்தபோது கடல் பின்வாங்கியிருந்தது. அபூபக்கர் அளந்து பார்த்தார். கல்லிலிருந்து ஆயிரத்து முந்நூற்று இருபது அடி. பழைய கரையைவிட இருபது அடி கூடுதல், அது பெத்தம்மாளின் பங்கு. ஆனால் அதில் தென்னை இல்லை, புல் இல்லை, ஒரு நண்டு வளைகூட இல்லை. எழுதாத தாள் போல வெறும் சேறு. மண் ஆளைவிடச் சர்க்கார் பேனாவை அதிகம் நம்பியது என்று லயத்தில் சிரித்தார்கள். கருப்பாயிக்கு அன்று ஒருத்தி கோழிக்குழம்பு கொடுத்தனுப்பினாள். அபூபக்கர் கடையைப் பிரித்து மறுபடி கரையில் கட்டினார்.

சிரிப்பு ஒரு வருஷம் இருந்தது. 1932-இல் ரப்பர் ஐந்து காசுக்கு வந்ததும் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது: ஜனக்கணக்கில் உள்ளபடி மூன்றில் ஒரு பங்கு ஆட்களைக் கப்பலேற்ற வேண்டும். இருநூற்றுப் பதின்மூன்றில் மூன்றில் ஒரு பங்கு எழுபத்தொன்று. நிஜமாக லயத்தில் இருந்தவர்கள் நூற்றைம்பது பேர். உண்மையை எழுதியிருந்தால் ஐம்பது பேரோடு போயிருக்கும். இப்போது உண்மையைச் சொன்னால் கிராணிக்கு ஜெயில், பொய் சொன்ன வீட்டுக்காரர்களுக்கும் ஜெயில். பொய்ப் பெயர்களை லாரியில் ஏற்ற முடியாது. ஆகவே அவர்களுடைய பங்குக்கும் உயிரோடிருந்த இருபத்தொரு பேர் ஏற வேண்டியிருந்தது. கோழிக்குழம்பு கொடுத்தனுப்பியவள் கருப்பாயி குழாயடிக்கு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். வேலைக்கு ஆகாதவர்களை முதலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இருளாண்டிக்கு நெஞ்சிருமல், பட்டியலில் அறுபத்தாறாவது பெயர் அவனுடையது. கருப்பாயி நன்றாக மரம் சீவுகிறவள், அவள் பெயர் இல்லை. வேண்டுமானால் புருஷனோடு போகலாம் என்றார்கள்.

முதல் அறுபத்தைந்து பேர் போய் முடிந்தபோது, பெத்தம்மாளின் கல்லுக்கு முன்னால் இருபது அடிதான் மிச்சம். அந்த இருபது அடியில்தான் அவளுடைய மேடு இருந்தது.

"நீங்க போனா அவளும் போயிடுவா" என்றாள் கருப்பாயி.

"நான் போவலன்னா எனக்குப் பதிலா முத்தாயிய ஏத்துவாங்க, கைப்புள்ளையோட. அப்ப நாப்பது அடி போகும் புள்ள." இருளாண்டி இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். "உன் பொய்க்குத்தான் இத்தன பேரு போறாங்கன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றானுங்க. நீயும் வந்துடு."

"வரல. அவ பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும்."

"தண்ணி வந்தா?"

"மேல உக்காந்துக்கிறேன். ஆளு இருக்கிற எடத்த எப்படி எடுத்துக்கிட்டுப் போவும்?"

இருளாண்டி லாரி ஏறிய மத்தியானமே அவள் போய் மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். விடிந்து பார்த்தபோது அதே இடத்தில், அதே மாதிரி, இடுப்பளவு கடலில் உட்கார்ந்திருந்தாள். கீழே மேடு இல்லை, கல் இல்லை. வாளியோடு ரப்பர்ப் பால் மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஆள் மேய்க்கும் மண்டோர் கத்தியதும் அவளும் எழுந்து, ஈரச்சேலையோடு வந்து வரிசையில் நின்றாள்.

மூன்று மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தது. அபூபக்கர்தான் படித்தார். 'நான் சுகம். கப்பல விட்டுப் படகுல எறங்குனா, வெள்ள மணல்ல நம்ம தோட்டத்துக் கருஞ்சேறு இருபது அடி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அதுல நான் நட்ட கல்லு நிக்குது. வீராசாமியோட தென்ன ரெண்டும் கொஞ்ச தூரத்துல காச்சுக் கெடக்கு. இந்த ஊரு ஆளுங்க ஒண்ணும் கேக்கல, கப்பல் வந்தா இப்படித்தானாம். நம்ம புள்ள இங்கதான் இருக்கா. நானும் பக்கத்துலயே குந்தியிருக்கேன். நீ வா.'

"இன்னொரு தடவ படிங்க பாய்" என்றாள் கருப்பாயி. மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அதன் பிறகு ஆபீஸுக்குப் போனாள்.

"என் பேர லிஸ்டுல எழுதுங்க ஐயா."

"அன்னிக்கே போயிருக்கலாம்லா, போன்னுதானே சொன்னாங்க" என்றார் கணேசமூர்த்தி. "லிஸ்டு முடிஞ்சிபோச்சு. இனிமே இனாம் கப்பல் கெடையாது."

"இல்லாத ஆள எல்லாம் எழுதுனீங்களே ஐயா. இருக்கிற ஆள எழுத முடியாதா?"

கிராணி பேரேட்டை மூடி வைத்தார். கப்பல் சீட்டுக்கு அவளிடம் வழியில்லை. இருளாண்டியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதில் இருமல் கூடியிருக்கிறது என்று இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

1934-இல் விலை ஏறியது. ஆள் போதாமல், புது ஆட்களைக் கொண்டு வர அதே கப்பலை அனுப்பினார்கள். முதல் லாரியில் முப்பது பேர் வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை அலையடித் தோட்டத்துக் கரையில் அறுநூறு அடிக்கு வெள்ளை மணல் கிடந்தது. அதில் பனங்கன்றுகளும் கிழிந்த வலையும் ஆட்டுப் புழுக்கையும் இருந்தன. வேலை முடிந்ததும் கருப்பாயி அந்த அறுநூறு அடியையும் நடந்து பார்த்தாள். வெள்ளையில் எங்காவது ஒரு பட்டை கறுப்புத் தெரிகிறதா என்று தேடினாள். அடுத்தடுத்த லாரிகளுக்கும் அப்படியே தேடினாள். அந்த வருஷம் இரண்டாயிரம் அடி மணல் வந்தது. கருஞ்சேறு வரவில்லை. ஆனால் நான்காவது லாரி வந்த மறுநாள், மணலில் ஒரு சின்ன மேடு இருந்தது. இரண்டு முழ நீளம், தலைமாட்டில் பாதிச் செங்கல்.

புதிதாக வந்த பெண்களையெல்லாம் அவள் கேட்டுப் பார்த்தாள். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ஏதோ ஊரில், ஏதோ கரையில், யாரோ ஒருத்தி காலுக்கடியில் தேடிக்கொண்டிருக்கக்கூடும். மறுநாளிலிருந்து கருப்பாயி பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில், வாளியைக் கழுவி நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அந்த மேட்டில் ஊற்றினாள்.

"யாருதுக்கா அது?" என்று கேட்டாள் புதிதாக வந்த ஒருத்தி.

"தெரியல" என்றாள் கருப்பாயி. "புள்ளதான்."

அந்த வருஷக் கடைசியில் சர்க்கார் சர்வே ஆட்கள் வந்து கரையை அளந்து வரைபடத்தைத் திருத்திக்கொண்டு போனார்கள். தோட்டத்தின் ஜனத்தொகை நூற்றெழுபத்தொன்பது. ரப்பர் பவுண்டுக்கு இருபது காசு.