மணிக்குள் திணித்த துணி

மாமனார் காலமானபின் முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் பொறுப்பு மூத்த மகன் வீட்டுக்கு வந்துவிட்டது. அதாவது என் தலையில். தேகு நகரில் எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டில் அதுதான் முதல் சூசொக் அறுவடைப் பண்டிகை. மாமியார் முந்தின நாளே வந்துவிட்டார்.

எங்கள் நாய் தொதொரி, வெளியே போக வேண்டுமானால் கதவில் தொங்கும் மணியை மூக்கால் தட்டும். மூன்று மாதம் கோழித் துணுக்கைக் காட்டிக் காட்டி நான்தான் பழக்கினேன். அன்று மாலை அது தட்டியதும் மாவுக் கையோடு ஓடினேன்.

"நல்லா இருக்கும்மா," என்று சிரித்தார் மாமியார். "நாய் மணி அடிக்குது, மருமக ஓடுறா. யாரு யாரைப் பழக்கினது?"

வெறும் கேலிதான். எனக்குச் சுருக்கென்றது. படையலுக்கு நடுவில் மணி அடித்தால் மானம் போகுமே என்று, மறுநாள் விடிந்ததும் மணிக்குள் துணியைத் திணித்துவிட்டேன். படையல் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விருந்து, பாத்திரம் என்று அடியோடு மறந்துபோனேன்.

பதினொரு மணிக்குப் பார்த்தால், நான் வாசல் பக்கம் திருப்பி அடுக்கிவைத்த மாமியாரின் புதுச் செருப்பு நனைந்து கிடந்தது. பக்கத்தில் தொதொரி. வீடு நிறைய சொந்தக்காரர்கள். கையிலிருந்த ஈரத்துணியால் அதை ஓங்கி அடித்தேன்.

அது ஓடவில்லை. மணியிடம் போய் மூக்கால் முட்டியது. மறுபடி முட்டியது. சத்தமே வரவில்லை.

மாமியார் மணியைக் கவிழ்த்துப் பார்த்தார். "யாரு இதை அடைச்சது?"

"அவர்தான்," என்றேன். என் வாய் கூசவே இல்லை.

கணவர் கிதே என்னை ஒரு தரம் பார்த்தார். "ஆமாம்மா, நான்தான்."

"அறிவிருக்காடா உனக்கு? வாயில்லா ஜீவன்டா அது!" தம்பிகள் முன்னாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். மாமியார் என் செருப்பை மாட்டிக்கொண்டு தொதொரியோடு கீழே இறங்கினார்.

அடுக்களையில் கிதே தட்டுகளை வைத்தபடி சொன்னார்: "அடி அதுக்கு, திட்டு எனக்கு. உனக்குன்னு ஏதாவது எடுத்து வெச்சுக்கிட்டியா?"

அவமானத்தில் காது எரிந்தது. கீழே ஓடினேன். சைக்கிள் நிறுத்தத்தின் பக்கம் மாமியார் நின்றிருந்தார்.

"அத்தை, துணியை வெச்சது நான்தான்."

"தெரியும். நீ வைக்கும்போதே பாத்தேன். அது மூணு தடவை வந்து முட்டினதையும் பாத்தேன்." அவர் நிமிரவில்லை. "நான் சொல்லியிருக்கலாம்ல? மருமக எனக்கு இவ்வளவு பயப்படுறாளேன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். அதான் உன்னைத் திட்ட வாய் வரலை, அவனைத் திட்டினேன்."

இருவரும் முகம் பார்த்துக்கொள்ளாமல் நாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.