மறைத்து வைத்த மருந்து

விடியுமுன்பே ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தின் சூடுபெட்டியைத் திறந்து, கிருமி வளர்த்த தட்டுகளை எடுத்து அடுக்கினாள் மூத்தவள். குப்பென்று வாடை முகத்தில் அடித்தது. மருந்து தோய்த்த ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி எவ்வளவு தூரம் செத்திருக்கிறது என்று அளவுகோலால் அளந்தாள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. எதிரே, கையெழுத்துப் போடும் நாற்காலியில் அவள் ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டியவள்.

வீட்டிலும் இளையவள், வேலையிலும் இளையவள். ஆனாலும் தலைமை நாற்காலி அவளுக்கு. அவள் கொண்டுவந்த வழக்கம் அப்படி: சாதாரண மருந்துக்கே கிருமி செத்தால் அறிக்கையில் அந்த மருந்தின் பெயர் மட்டும்தான் போகும். வேறெதுவும் கேட்காதபோது கொடுக்க வேண்டிய பெரிய மருந்தின் பெயர் கண்ணில் பட்டால் டாக்டர்கள் அதையே எழுதிவிடுவார்கள். கண்டதற்கும் கொடுத்தால் கிருமி அதற்கும் பழகிவிடும். எல்லோரும் அவளை மெச்சினார்கள், மாமியார் உட்பட. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அளக்கிறது நான், பேர் வாங்குறது இவளா?

அன்று ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கார அண்ணனின் தட்டு வந்திருந்தது. அழுக்கு விரிப்புக்குள் யாரோ விட்டுவைத்த பிளேடு கையைக் கிழித்துச் சீழ் வைத்துவிட்டது. சாதாரண மருந்து எதுவும் வேலைக்காகவில்லை. பெரிய மருந்துகளிலும் ஒரே ஒரு வில்லையைச் சுற்றித்தான் தெளிந்திருந்தது.

"இந்த ஒண்ணாவது மிஞ்சிச்சேக்கா," என்று இளையவள் அதை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி முதலாளி வந்தார். கீழே இருக்கும் மருந்துக்கடையும் அவருடையதே.

"இனிமே எல்லா ரிப்போர்ட்லயும் எல்லா மருந்து பேரும் வரணும். பெரிய மருந்தெல்லாம் கடையில தூங்குது."

"மாட்டேன் சார். தேவைப்பட்டவங்களுக்குப் போட்டுத்தானே அனுப்பறோம்?" என்றாள் இளையவள்.

"அப்ப எந்திரி. நாளையிலேர்ந்து வராதே." மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீ உட்காரும்மா. உனக்குச் சேர வேண்டிய இடம்தானே இது?"

மூத்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொய் சொல்வானேன், சந்தோஷம்தான். உட்கார்ந்தாள். சாய்ந்தும் பார்த்தாள். எதிரே அந்தத் தட்டு கிடந்தது. ஆஸ்பத்திரி அழுக்கெல்லாம் முதலில் போய்ச் சேர்வது சலவைக்காரர்கள் கைக்குத்தான். மிஞ்சிய ஒன்றையும் சிராய்ப்புக்கெல்லாம் விற்றுக் கிருமிக்குப் பழக்கிவிட்டால், அடுத்துக் கிழிபடும் கைக்கு எதை எழுதுவது?

எழுந்துவிட்டாள்.

"இந்த நாற்காலி எனக்கு வேணும்தான் சார். இவளைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். ஆனா நானே போட்டி போட்டு வாங்கிக்கிறேன். நீங்க பிடுங்கிக் குடுக்க வேணாம்."

"ரெண்டு பேரும் வெளிய போங்க!"

"போக மாட்டோம். வேலையும் நிக்காது, வழக்கமும் மாறாது," என்றாள் மூத்தவள்.

சேதி சலவைக்கூடத்துக்கு இறங்கிப் போயிற்று. சற்று நேரத்தில் ஈரக் கைகளோடு அத்தனை பேரும் மேலே வந்தார்கள். முன்னால் கட்டுப் போட்ட கையோடு அண்ணன். நர்சுகளும் சேர்ந்துகொள்ள, வாசல் அடைந்துபோயிற்று. முதலாளி போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாகவே கிடந்தது.

"நெசமாவே என்னைப் பாத்தா பத்திக்கிட்டு வருமாக்கா?" இளையவள் மெல்லக் கேட்டாள்.

"வரும். இப்பவும் வருது. நகராம பக்கத்துலயே நில்லு."