சேசிஸ் நம்பர் சொன்ன விலாசம்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், நீலத் தார்ப்பாய் போர்த்திய பழைய ஸ்கூட்டர் ஒன்று பத்து நாளாக நின்றது. நம்பர் பிளேட் இல்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக வண்டி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். திருட்டு வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இதையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தேன்.

மனைக்காரர் சந்திரம்மாளிடம் போய், "யார் வண்டிங்க இது?" என்றேன்.

"எனக்கு இன்னாங்க தெரியும்?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பாவம், பயப்படுகிறார் என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

என் மனைவி தமிழ்செல்வி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தினமும் ரெண்டு பஸ் மாறிப் போகிறவள். "யாரோ நிறுத்தியிருப்பாங்க, விடுங்களேன்" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன்.

அவள் பஸ்ஸுக்குப் போனதும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஃபிரேமில் பொறித்திருந்த சேசிஸ் நம்பரை மண்ணெண்ணெயால் துடைத்து, மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினேன். பதினேழு எழுத்தும் பளிச்சென்று விழுந்தன. சட்டை முழுக்க ஆயில். எதிர்வீட்டு ஜன்னலில் ரெண்டு தலை தெரிந்தது. என் கடமை உணர்ச்சியைப் பார்த்து வியக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆர்டிஓ ஆபீஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கும் ராஜேந்திரனுக்கு அந்த நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பிளேட்டைக் கழட்டலாம், சேசிஸ் நம்பரைக் கழட்ட முடியாது, தெரிஞ்சுக்கோ" என்று பாடமும் நடத்தினேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டான்.

"அண்ணே, மொத ஓனர் போளூர்க்காரர். நாலு மாசம் முன்ன பேர் மாத்தியிருக்காங்க. லோன் இல்ல, கேஸ் இல்ல. சுத்தமான வண்டி."

"இப்ப இருக்கிறவன் விலாசம் சொல்லு."

"பதினாலு, ரெண்டாவது குறுக்குத் தெரு, வேங்கிக்கால்."

எழுதி முடித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "டேய், இது என் வீடுடா! திருட்டுப் பய என் விலாசத்தையே குடுத்திருக்கான்!"

ராஜேந்திரன் அடுத்த வரியைப் படித்தான். "பேரு தமிழ்செல்விண்ணே. கணவர் கண்ணாயிரம்."

"பாத்தியா! ஆதார் நகல் எங்கயோ எடுத்து, என் பொண்டாட்டி பேர்லயே..."

"அண்ணே" என்றான், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "அண்ணி வண்டி வாங்கியிருக்காங்கண்ணே."

சாயங்காலம் அவள் வந்ததும் காகிதத்தை நீட்டினேன். புரட்டிப் பார்த்தாள்.

"அடியில படுத்தா எடுத்தீங்க?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மூணு வருஷம் முன்ன ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கறேன்னு சொன்னேன். 'நீ வண்டி எடுத்தா கிரிவலப் பாதை சாமியாருங்கல்லாம் மலை மேல ஓடிடுவாங்க'ன்னீங்க. என் அண்ணன் குடும்பமே உக்காந்து சிரிச்சுது."

ஞாபகம் இருந்தது. நல்ல நகைச்சுவை என்று அதை இன்னும் நாலு இடத்திலும் சொல்லியிருந்தேன்.

காலையில் வாக்கிங் என்று போனதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ரோட்டில் வண்டி பழகத்தானாம். லைசென்ஸும் வாங்கிவிட்டாளாம். பத்து நாளுக்கு முன் விழுந்ததில் பிளேட் உடைந்து, புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். அது வரும்வரை சந்திரம்மாளிடம் கேட்டு மனையில் நிறுத்தி வைத்தாளாம். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று அவள் காட்டிய முழங்கைக்கு மருந்து போட்டவனே நான்தான். தரையைச் சரியாகத் தேய்ப்பதில்லை என்று திட்டவும் செய்தேன்.

"இன்சூரன்ஸ்?" என்றேன், தொழில் பழக்கத்தில்.

"பொன்னிகிட்ட போட்டேன். உங்களவிட கம்மியாத்தான் சொன்னா."

பொன்னி என்னிடம் தொழில் கற்றுக்கொண்டு தனியாகப் போனவள். அன்றைக்கு எனக்கு ஜாஸ்தி வலித்தது அதுதான்.

"தெருவுல யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களத் தவிர எல்லாருக்கும்."

காகிதத்தை வாங்கி மடித்தேன். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். சட்டையைக் கழற்றிப் போடச் சொன்னாள்.

பிளேட் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்துச் செங்கம் ரோட்டில் கூட்டிப்போனாள். ரமணாசிரமத்துக்கு முன்னால் கூட்டம், ஆட்டோக்கள், நடுரோட்டில் ஒரு மாடு. "பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். அவள் நிதானமாக ஓரங்கட்டிக் காலை ஊன்றினாள்.

"எறங்கி நடக்கறீங்களா, கம்முனு வர்றீங்களா?"

கம்மென்று போனேன்.