இரண்டாம் நாள் தெரிகிற கை

முதலில் தெரிந்தது கட்டைவிரல். காலையில் தோள் அரித்ததே என்று அவள் கண்ணாடியில் பார்த்தபோது அது மட்டும்தான் இருந்தது. மதியத்துக்குள் மற்ற விரல்களும் வந்து சேர்ந்தன. யாரோ பின்னால் நின்று தோளைப் பற்றிக்கொண்டே இருப்பதுபோல் சிவந்து தடித்த ஒரு கை. அதில் மோதிரவிரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

அவள் கணவனுக்கு வலது மோதிரவிரல் பாதிதான். மீதியைப் படகுப் பட்டறையின் ரம்பம் தின்றுவிட்டது.

பார்க்க வந்த தங்கை அந்தப் பாதி விரலைத்தான் முதலில் கவனித்தாள்.

"மாமா அடிச்சாராக்கா?"

"சீ, வாயக் கழுவு. அவர் ஈ எறும்பக்கூட அடிக்கமாட்டார்."

"எறும்பு தோள்ல விரல் பதியலயே. உன் தோள்லதான பதிஞ்சிருக்கு."

அவன் தோளைத் தொட்டது அவளுக்கு நினைவிருந்தது. இரண்டு நாளுக்கு முன், அடுப்பருகே நின்றவளை "தள்ளிக்கோ, டீ கொதிக்குது" என்று மெல்ல விலக்கினான். பூ விழுந்தால்கூட அதைவிடக் கனமாக விழும்.

அடுத்த வாரம் முழங்கையில் வந்தது. அதற்கடுத்து கழுத்தில். ஒவ்வொரு முறையும் அவன் தொட்டு இரண்டாம் நாள், அவளும் கைக்குழந்தையும் மட்டும் இருக்கும் வீட்டில், அவன் கை மட்டும் அவள்மேல் மெதுவாக எழுந்து வந்தது. கழுத்தில் வந்த அன்று அவள் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

கணவனுக்குப் பட்டறையில் 'பிசின்' என்று பெயர். எபாக்சி ரெசின் என்ற பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்து, கண்ணாடி இழைத் துணியில் தோய்த்து, ஓட்டை விழுந்த படகுகளுக்கு ஒட்டுப்போடுவான். கையுறை போட்டால் துணிக்கடியில் நிற்கும் காற்றுக்குமிழி விரலுக்குத் தெரியாது என்பான். வீட்டுக்குக் கிளம்பும்போது பெயின்ட் கரைக்கிற தின்னரில் கை கழுவுவான். சுத்தக்காரன் என்று அவளுக்கே அதில் பெருமை.

கழுத்தைப் பார்த்ததும் அவனே பயந்துபோய் வியாழக்கிழமை தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா அவள் கழுத்தை ஒரு நிமிடம் பார்த்தார். அவன் கையை ஐந்து நிமிடம் பார்த்தார்.

"எதுல கழுவறீங்க?"

"தின்னர்ல டாக்டர். பளிச்னு போயிடும்."

"எங்க போகும்? கரைஞ்சு பரவி, கண்ணுக்குத் தெரியாம உங்க கைமேலயே நிக்கும். கொஞ்சம் தோலுக்குள்ளயும் போகும். மிச்சத்தத்தான் தினமும் வீட்டுக்குக் கொண்டு போறீங்க. இவங்க உடம்பு அத எதிரின்னு குறிச்சு வச்சிருச்சு. இனிமே மறக்காது."

"பன்னெண்டு வருஷமா எனக்கு ஒண்ணுமே ஆகலயே?"

"ஆகற வரைக்கும் ஆகாதுங்க."

"குழந்தைக்கு?" என்று அவள் கேட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"கடைசியா எப்ப தூக்கினார்?"

"நேத்து சாயங்காலம். சட்டையில்லாம இருந்தான். முதுகுல கை கொடுத்துத் தூக்கிப் போட்டுப் பிடிச்சார்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க."

அன்று வீடு முழுக்கக் கைகளாக இருந்தது. கதவுப் பிடியில், தம்ளரில், தலையணையில், குழந்தையின் கிலுகிலுப்பையில். எதுவும் தெரியவில்லை, எல்லாமே இருந்தன. அவள் சோப்புத் தண்ணீரில் துடைத்தாள், துடைத்ததை மறுபடி துடைத்தாள். அவன் வேலை உடுப்பைப் பையில் கட்டி வெளியே வைத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. மாலையில் அவள் குழந்தையைக் குளிப்பாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் மடியில் குப்புறப் போட்டாள். உள்ளங்கை அகல முதுகு. ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தபோது அவள் குனிந்து விரலால் நீவிப் பார்த்தாள். துண்டின் மடிப்பு அழுந்திய தடம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிட்டது. விளக்கையும் போட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லங்க. சுத்தமா இருக்கு."

அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். வாங்க உள்ள."

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு?"

குழந்தை அப்பாவின் குரலைக் கேட்டுத் தவழ்ந்து போனான். அவன் காலைப் பிடித்து எழுந்து, தூக்கு என்று இரண்டு கைகளையும் நீட்டினான். அப்பா சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

கையைப் பிடித்துக் கணவனை உள்ளே கூட்டிவரத்தான் அவள் எழுந்தாள். பாதி அறையைக் கடந்ததும் அவள் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.