தங்கராசு வீட்டு நெஞ்சுக்கறி

சுனாமி அலை அடித்து இரண்டு மாதமாகியும் முதுநகர் மார்க்கெட்டில் மீனைத் தொட ஆளில்லை. செத்தவர்களைத் தின்ற மீன் என்று சொல்லி ஊரே தங்கராசின் கோழிக்கடை வாசலில் நின்றது. அந்தப் பேச்சைக் கிளப்பியவனே தங்கராசுதான் என்று காசிநாதன் முடிவு கட்டியிருந்தார்.

பழுது பார்த்த படகில் அவர் மகன் அலைக்குப் பிறகு முதல்முறையாகக் கடலுக்குப் போய்க் கொண்டுவந்த சங்கரா மீன் கூடையில் இருந்தது. இது விற்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவதாக அவன் துணிப்பையைக் கட்டி வைத்திருந்தான். ஆம்பிளை கூடைக்குப் பின்னால் உட்காரும் வழக்கமில்லை. இருந்தும் மனைவி குணசுந்தரியின் பக்கத்தில் காசிநாதன் குந்தியிருந்தார்.

கடலுக்குப் போகாத இரண்டு மாதமும் அவர் வீட்டில் கோழியின் நெஞ்சுக்கறிதான். யாரும் கேட்காத கறி, விலை சல்லிசு. குணசுந்தரி அதை மாங்காய் போட்டு மீன்குழம்பு மாதிரி வைப்பாள். பழக்கத்தில் அவர் விரல் முள்ளைத் தேடும். முள்ளே இல்லாத கறியை அவர் நம்பவில்லை.

எதிரிலிருந்து தங்கராசு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“மாமா, சங்கரா ரெண்டு குடு.”

“ஏன்டா, வாங்கி ஊரு முன்னாடி தூக்கிப் போடவா?”

“அட நீ வேற. ஜனம் தொடைய வாங்கிட்டுப் போயிடுது. மிஞ்சின நெஞ்சுக்கறி பூராவும் எங்க வூட்டுச் சட்டியிலதான். இன்னிக்கு மீனு இல்லாம வூட்டுக்கு வராதன்னுட்டா பொண்டாட்டி.”

“பொணந்தின்னி மீனுன்னு சொன்னவன் நீதான?”

“நான் சொல்லல. சொன்னவங்கள தடுக்கவும் இல்ல. யாவாரம் ஓடுச்சு மாமா, பொய் சொல்ல மாட்டேன்.”

காசிநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளதிலேயே பெரிய மீனை எடுத்து மனைவியின் முந்தானைப் பக்கம் ஒதுக்கினார். அடுத்த இரண்டைத் தங்கராசிடம் நீட்டினார்.

கோழிக்கு நின்ற சின்னம்மாள் பார்த்துவிட்டாள். “யோவ் தங்கராசு, நீயே மீனு திங்கறியா?”

“ஏன், எனக்கு நாக்கு இல்லியா ஆயா?”

அவள் கிட்டே வந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. “எனக்கு ஒண்ணு போடு” என்றாள். பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள்.

கூடை அடி தெரிந்தபோது தங்கராசு மறுபடியும் வந்தான். “மாமா, நெஞ்சுக்கறி இருக்கு. சும்மாவே எடுத்துட்டுப் போ.”

“நீயே வச்சுக்க” என்று காசிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒதுக்கி வைத்த மீனை எடுத்துக்கொண்டார். “எங்க வூட்ல இன்னிக்கு முள்ளு இருக்குடா.”

பிறகு குணசுந்தரியிடம் சொன்னார்: “புள்ளகிட்ட துணிப்பையப் பிரிச்சு வைக்கச் சொல்லு. விடிகாலையில படகு எறங்குது.”